ஒரே வாயில் மூன்று கறை: சுங்கை சிப்புட்டில் ஒரு நிகழ்வு ஆய்வு

பல்லை வெள்ளையாக்க வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எந்தப் பல்லை?" என்பதுதான். சிரிப்பார்கள். "எல்லாத்தையும்தான் டாக்டர்" என்பார்கள். இந்த அக்காவும் அதையேதான் சொன்னார். அவர் வாயிலோ மூன்று கறைகள் இருந்தன. ஒன்று தினமும் குடிக்கிற டீ. ஒன்று பன்னிரண்டு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தது. இன்னொன்று நடை பழகின வயதில் குடித்த மருந்து. மூன்றையும் ஒரே கறை என்று எண்ணிக் கிடைத்ததையெல்லாம் தடவியதுதான் அவர் இரண்டு வருடமாகச் செய்த தவறு. அதில் பாதிப் பழி அவருக்கு விற்றவர்களுக்கு.

அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

வந்தவரும் வந்த காரணமும்

வயது 51. மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனுக்கு வெளியே ஒரு ரப்பர்த் தோட்டத்தில், லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். கல்யாணம் வரை அம்மாவோடு மரம் வெட்ட, அதாவது ரப்பர்ப் பால் எடுக்கப் போனவர். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் குடும்பம் டவுனுக்கு வந்துவிட்டது. இப்போது தாமான் என்னும் குடியிருப்பில் வீடு, பள்ளிக் கேண்டீனில் வேலை. இனிப்பு நீர் உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. புகைப்பதில்லை. டீ எத்தனை குவளை என்று கேட்டேன். "கணக்கு வெச்சுக் குடிக்கிறதா டாக்டர்?" என்று திருப்பிக் கேட்டார். ஐந்தாறு என்று குறித்துக்கொண்டேன்.

2023 ஆகஸ்டில் வந்தார். "தை மாசம் மகளுக்குக் கல்யாணம். என் கல்யாணப் படத்துலகூட நான் பல்லக் காட்டினதில்ல. இந்தத் தடவ காட்டணும்." இதைச் சொல்லும்போதே இடது கை வாய்க்கு வந்துவிட்டது. பேசி முடிக்கும் வரை கை இறங்கவில்லை. சிரிப்பு வந்தால் மேலுதட்டைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்கிறார். பல வருடப் பழக்கம், அவருக்கே தெரியவில்லை.

அதற்கு முன் என்னென்ன செய்தார் என்று கேட்டேன். எலுமிச்சையும் உப்பும். கரிப் பேஸ்ட். பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் 35 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு ஜெல், அதன் பெட்டியில் எத்தனை சதவீதம் என்ன மருந்து என்று ஒரு எழுத்துகூட இல்லை. தடவிய இரவே ஈறு வெளுத்து, மூன்று நாள் சோறு சாப்பிட முடியவில்லை. கடைசியாக ஓர் அழகு நிலையம். நீல விளக்கு போட்டு ஒரு மணி நேரத்தில் வெள்ளையாக்குவோம் என்று விளம்பரம். "தலை கழுவுற நாற்காலியில படுக்கச் சொன்னாங்க. எந்திரிச்சு வந்துட்டேன்."

எழுந்து வந்தது நல்லதாயிற்று. பல் வெளுப்புச் சிகிச்சை மலேசியாவில் பல் மருத்துவ வேலை. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள 2018-ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டப்படி, பதிவு பெறாதவர் பல் சிகிச்சை செய்தால் மூன்று லட்சம் வெள்ளி வரை அபராதமும் ஆறு ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். அப்படியும் நீல விளக்குகள் அணைந்தபாடில்லை.

வாய்க்குள் பார்த்தது

முதலில் ஸ்கேலிங், அதாவது பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்வது. கீழ் முன்பற்களின் நாக்குப் பக்கத்தில் காரை கெட்டியாகப் படிந்து, அதன் மேல் டீக் கறை கறுப்பு வளையமாக ஏறியிருந்தது. நாற்பது நிமிடத்தில் உதிர்ந்தது. கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். "அட, பாதி வேலை முடிஞ்சிருச்சே!" என்றார்.

உண்மைதான். பல் மஞ்சள் என்று வருகிறவர்களில் பலருக்கு வேண்டியது இவ்வளவுதான். டீ, கோப்பி, வெற்றிலை, புகை, இரும்புச் சத்து டானிக், குளோர்ஹெக்ஸிடின் என்னும் வாய் கொப்பளிக்கும் மருந்து, இவற்றின் கறையெல்லாம் பல்லின் மேலே ஒட்டிக்கொண்டிருப்பவை. சுரண்டி எடுத்துத் தேய்த்தால் போய்விடும். அரசாங்க பல் கிளினிக்கிலேயே இதைச் செய்துகொள்ளலாம்.

ஆனால் மேல் அழுக்கு போனதும் உள்ளே இருந்த இரண்டும் பளிச்சென்று தெரிந்தன. அக்காவின் முகம் மாறியது. "முந்திக்கு இப்பத்தான் மோசமா தெரியுது டாக்டர்."

அவருக்குக் காட்டிய இன்னொன்றும் உண்டு. இடது பக்கக் கோரைப் பல்லிலும் அடுத்த இரண்டு பற்களிலும், ஈறோரத்தில் ஆப்பு வைத்தாற்போலப் பள்ளம். வலக்கைக்காரர்கள் பலர் இடது பக்கத்தில்தான் அதிகம் அழுத்தித் தேய்ப்பார்கள். சிறு வயதில் அடுப்புக் கரியும் உப்பும், வளர்ந்த பிறகு கடினமான பிரஷ், கடைசியில் கரிப் பேஸ்ட். பள்ளத்தின் அடியில் தெரிந்தது பல்லின் உள்படலமான டென்டின், அதன் இயல்பான நிறமே மஞ்சள். பல்லின் மேலுறையான எனாமல் அரை ஒளிபுகும் கண்ணாடி மாதிரி, அது மெலிய மெலிய உள்ளிருக்கும் மஞ்சள் கூடுதலாகத் தெரியும். வெள்ளையாக வேண்டுமென்று தேய்க்கத் தேய்க்கப் பல் மஞ்சளாகிக்கொண்டே வந்திருக்கிறது. போன எனாமல் திரும்ப வளராது. எலுமிச்சையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அமிலம் எனாமலை இளக்கிவைக்கும், இளகினதை உப்பு சுரண்டி எடுத்துக்கொண்டு போகும்.

இரண்டாவது கறை ஒரே ஒரு பல்லில். இடது மேல் நடுப்பல், எங்கள் கணக்கில் 21. மற்றப் பற்களுக்கு நடுவே சாம்பல் கலந்த பழுப்பாக நின்றது. அப்பா சைக்கிளில் ரப்பர்ப் பால் வாளியோடு இவரையும் உட்காரவைத்துக்கொண்டு போனபோது செம்மண் ரோட்டில் சறுக்கி, ஹேண்டில் வாயில் அடித்திருக்கிறது. பல் ஆடியது, பிறகு இறுகியது, அதோடு எல்லாரும் மறந்துபோனார்கள். சில வருடத்தில் கறுக்கத் தொடங்கியது. குளிர் வைத்துப் பார்த்தேன், உணர்வே இல்லை, உள் நரம்பு செத்திருந்தது. எக்ஸ்ரேயில் வேரின் நுனியில் பச்சைப்பயறு அளவுக்குக் கருநிழல். அடிபட்ட அன்று உள்ளே கசிந்த ரத்தம் சிதைந்து, அதிலிருந்த இரும்பு டென்டினின் நுண்குழாய்களில் ஊறியதுதான் அந்த நிறம். வலி இல்லாததால் 39 வருடம் யாரும் அதைப் பார்க்கவில்லை. இதை வெளியிலிருந்து வெளுத்துவிட்டு விட்டிருந்தால், வெள்ளைப் பல்லுக்கு அடியில் சீழ் உட்கார்ந்திருக்கும்.

மூன்றாவதுதான் தலைவலி. மேலும் கீழும் முன்பற்கள் எல்லாவற்றிலும், ஏறக்குறைய நடு உயரத்தில், குறுக்கே சாம்பல் பட்டை. கடைவாய் முதல் பற்களிலும் பட்டை உண்டு, ஆனால் அங்கே மஞ்சள். வெளிச்சம் படும் பல்லில் சாம்பல், படாத பல்லில் மஞ்சள் என்றால் என் மனம் டெட்ராசைக்ளின் என்னும் கிருமிக்கொல்லி மருந்துக்குத்தான் போகும். பல் உருவாகிக்கொண்டிருக்கும்போது அந்த மருந்து சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து டென்டினில் கலந்துவிடும். பிறகு வெளிச்சம் பட்டுப் பட்டு மஞ்சள் சாம்பலாகிறது. மேல் முன்பற்களின் தலைப்பகுதி குழந்தை பிறந்த மூன்று நான்கு மாதத்தில் உருவாகத் தொடங்கி, நான்கு ஐந்து வயதில் முடிகிறது. நுனியிலிருந்து ஈறை நோக்கித்தான் வளர்ச்சி. ஆகப் பட்டை நடுவில் இருந்தால் மருந்து குடித்தது ஏறக்குறைய இரண்டு வயதில்.

வெளியே பெஞ்சில் அவருடைய அம்மா உட்கார்ந்திருந்தார். உள்ளே அழைத்துக் கேட்டேன். "ஆமா, ரெண்டு வயசுல நெஞ்சுச் சளி. தோட்டத்து டிரெசர் சின்னப் போத்தல்ல மருந்து குடுப்பாரு. இனிப்பா இருக்கும், இவ அழாம குடிச்சிருவா."

தோட்டத்து மருந்தக உதவியாளரான டிரெசரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. தோட்டத்து ஜனத்துக்கு அவர்தான் டாக்டர், மருத்துவச்சி எல்லாம். சளியில் போயிருக்க வேண்டிய பிள்ளை 51 வயதில் பல் நிறத்தைப் பற்றிக் கவலைப்படுகிறது என்றால் அவர் தன் வேலையைச் செய்திருக்கிறார். இப்போது எட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்த மருந்தைத் தவிர்க்கிறோம்.

"குழாய்த் தண்ணிதான் காரணமா டாக்டர்?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். மலேசியாவில் சொத்தையைத் தடுக்கக் குடிநீரில் புளோரைடு கலப்பது 1972-இல் தேசியக் கொள்கையானது. 2005-இல் அளவை லிட்டருக்கு 0.7 மில்லிகிராமிலிருந்து 0.5-க்குக் குறைத்தார்கள். புளோரைடு மிகையானால் வரும் கறை பெரும்பாலும் மேகம் படிந்ததுபோல் வெண்திட்டு. இந்த அக்கா குழந்தையாக இருந்தபோது லயத்துக்குக் கிணற்றுத் தண்ணீர்தான், அவர் பல்லில் திட்டும் இல்லை. அதை ஒதுக்கிவிட்டேன்.

பாட்டியின் கன்னம்

இது நான் எதிர்பார்க்காதது. உள்ளே வந்த பாட்டி, அதாவது அக்காவின் அம்மா, நாற்காலியைத் தட்டிப் பார்த்து, "எனக்கும் கொஞ்சம் தேச்சு விடு தாயி" என்றார். 74 வயது. மரம் வெட்டின நாளிலிருந்து வெற்றிலை பாக்கு, கூடப் போயிலை. பற்கள் கறுஞ்சிவப்பு. வாயை நன்றாகத் திறங்கள் என்றேன், இரண்டு விரலுக்கு மேல் திறக்கவில்லை. மூன்று விரல் நுழைய வேண்டும். தாம்பூலத்தை அடக்கிவைக்கும் இடது கன்னத்தில், கட்டைவிரல் நக அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. பஞ்சால் துடைத்தேன். போகவில்லை.

அன்றைக்கு அவர் பல்லை நான் தொடவில்லை. ஈப்போ பொது மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். பாக்கு, போயிலை சேராமலே, தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுப்பு சொல்கிறது. மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியர்களிடம்தான் அதிகம். திட்டிலிருந்து சதை எடுத்துப் பார்த்ததில் புற்று இல்லை, ஆனால் செல்களில் லேசான மாற்றம் தொடங்கியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய் வருகிறார். பாக்கும் போயிலையும் நின்றுவிட்டன. வெறும் வெற்றிலையை மட்டும் மடித்து மென்றுகொண்டு, அதுவும் கூடாதா என்று என்னை முறைக்கிறார்.

என்ன செய்யலாம் என்று பேசியது

கையில் ஐந்தரை மாதம். மூன்று வழிகளைச் சொன்னேன்.

நாற்காலியில் படுக்கவைத்து, ஈறுக்கு ரப்பர் பூச்சுப் போட்டு, 35 சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடு வைப்பது ஒன்று. ஒரே அமர்வில் பளிச்சென்று தெரியும். அதில் ஒரு பகுதி, பல் காய்ந்துபோனதால் தெரியும் வெள்ளை. எச்சில் ஊறினால் சில நாளில் இறங்கிவிடும். விளக்கு போடுவதால் நீண்ட நாளைக்குக் கூடுதல் பலன் கிடையாது. டெட்ராசைக்ளின் பட்டைக்கு இது ஒரு தடவை போதவே போதாது.

பல்லைச் சீவி, வெனியர் என்னும் மெல்லிய பீங்கான் ஓடு ஒட்டுவது இன்னொன்று. நிறம் உடனே மாறும். ஆனால் ஒரு பல்லுக்கே ஆயிரம் வெள்ளியைத் தாண்டும், அவருக்கு எட்டுப் பல்லாவது வேண்டியிருக்கும். மெல்லிய பீங்கானுக்குப் பின்னால் சாம்பல் நிழலடிக்கும், அதை மறைக்கத் தடிப்பாகச் சீவ வேண்டும். ஏற்கனவே தேய்ந்த பல்லில் எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது, வீட்டில் இரவில் ட்ரே, அதாவது பல்வரிசைக்கு அளவெடுத்துச் செய்த உறையில் ஜெல் வைத்துப் படுப்பது. 1989-இல் அமெரிக்காவின் ஹேவுட், ஹேமன் இருவரும் எழுதி வெளியிட்ட முறை. அதில் வைக்கும் 10 சதவீதக் கார்பமைடு பெராக்ஸைடு முதலில் ஈறுப் புண்ணுக்குப் போட்டுவந்த மருந்து. பல்லும் சேர்ந்து வெளுப்பதைப் பிறகுதான் கவனித்தார்கள். அது பிரிந்து ஏறக்குறைய 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடாகும், மீதி யூரியா. மெதுவான மருந்துதான், ஆனால் டென்டினுக்குள் இருக்கும் கறைக்கு மெதுவான மருந்துதான் வேண்டும். சாதாரண மஞ்சளுக்கு இரண்டு வாரம், புகைக் கறைக்கு ஒன்றிலிருந்து மூன்று மாதம், டெட்ராசைக்ளினுக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம்.

அவர் கேட்டது ஒன்றுதான். "சொத்தைக்கு அடைச்சதும் வெள்ளையாகுமா?" ஆகாது. பக்கத்துப் பல்லில் கம்பாசிட் என்னும் பல் நிறப் பிசினில் ஒரு பழைய அடைப்பு இருந்தது. பல் வெளுக்கும், அடைப்பு அப்படியே நிற்கும். எல்லாம் முடிந்தபின் அதை மாற்றிக்கொள்வோம் என்றேன். ட்ரேயைத் தேர்ந்தெடுத்தோம்.

சிகிச்சை நடந்த விதம்

ஆகஸ்டிலேயே 21-க்கு இரண்டு வருகையில் ரூட் கேனல். ஈறோரப் பள்ளங்களைக் கிளாஸ் அயனோமர் என்னும் பல் சிமெண்டால் மூடினேன். திறந்த டென்டினில் பெராக்ஸைடு இறங்கினால் கூச்சம் தாங்காது.

செப்டம்பர் முதல் வாரம் ஆல்ஜினேட் மாவில் பல் அச்சு எடுத்து, ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டில் ட்ரே செய்துகொடுத்தேன். நிற அட்டையை வைத்துக் குறித்தது (ஏ பழுப்பு வகை, சி சாம்பல் வகை, எண் கூடக் கூட நிறம் அடர்த்தி): முன்பற்கள் ஏ3.5, கோரைப் பல் ஏ4, 21 மட்டும் சி4. பட்டைச் சாம்பலுக்கு அட்டையில் பொருத்தமான நிறமே இல்லை, அதனால் படமும் எடுத்துவைத்தேன். ஒரு பல்லுக்கு ஓர் அரிசி அளவு ஜெல், அதுவும் முன்பக்கத்தில் மட்டும். பிதுங்கினதை விரலால் துடைத்துவிட்டுப் படுக்க வேண்டும். எதிரில் உட்கார்ந்து நாலு தடவை செய்துகாட்டினார். முதல் தடவை பேஸ்ட் வைப்பதுபோல் நீளமாகப் பிதுக்கினார், பாதி ஜெல் உதட்டில்.

நான்காம் நாள் போன். ஈறு எரிகிறது. வரச்சொல்லிப் பார்த்தால் தவறு என்னுடையது. மேல் ட்ரேயின் ஓரத்தை ஈறு மேல் ஏறும்படி வெட்டியிருந்தேன், ஜெல் அதற்கடியில் தேங்கியிருந்தது. பல்லின் வளைவையொட்டி வெட்டிக் கொடுத்ததும் இரண்டு நாளில் ஆறியது.

மூன்றாம் வாரம் கூச்சம். கேண்டீனில் ஐஸ் மைலோ ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாராம். ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மாற்றினோம். இடைப்பட்ட இரவுகளில் 5 சதவீதப் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட்டை அதே ட்ரேயில் வைத்து அரைமணி நேரம். ஒரு வாரத்தில் அடங்கியது. டீயை நிறுத்தச் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கப்போவதில்லை. குடித்ததும் ஒரு வாய்த் தண்ணீர் கொப்பளியுங்கள் என்றேன், அதைச் செய்தார்.

தீபாவளிக்கு வந்தபோது ஏ3. நுனிப்பகுதி நன்றாகத் தெளிந்திருந்தது, பட்டை கொஞ்சம் மங்கியிருந்தது. "அக்கா, பொங்கலுக்குள்ள பட்டையே இருக்காது" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. பட்டைக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள பகுதிதான் கடைசி வரை பிடிவாதம் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் என்னைச் சொல்லவைத்தது.

டிசம்பரில் 21-க்கு உள்ளிருந்து வெளுப்பு. மற்றப் பற்கள் எங்கே வந்து நிற்கின்றன என்று தெரிந்தபின் செய்தால்தான் நிறத்தைப் பொருத்த முடியும். வேர் அடைப்பின் மேல் 2 மில்லிமீட்டருக்குக் கிளாஸ் அயனோமர் தடுப்பு, அதன் மேல் சோடியம் பெர்போரேட்டைத் தண்ணீரில் குழைத்து வைத்து மூடினேன். தடுப்பு இல்லாமல் மருந்து பல்லின் ஈறோரக் கழுத்துப் பகுதிக்கு இறங்கினால் வருடங்கள் கழித்து வேர் கரையலாம். அதே காரணத்துக்காகத்தான் கடுமையான பெராக்ஸைடும் சூடும் சேர்ப்பதில்லை. வாரம் ஒரு முறை, மூன்று தடவை மாற்றினேன். இரண்டாவது தடவையிலேயே சாம்பல் கலைந்தது. மூன்றாவதில் பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போனது.

ஜனவரி நடுவில் ட்ரேயை நிறுத்தினோம். பெராக்ஸைடு முடிந்த கையோடு கம்பாசிட் ஒட்டினால் சரியாகப் பிடிக்காது, பல்லில் தங்கிய ஆக்ஸிஜன் போக இரண்டு வாரமாவது விட வேண்டும். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு பழைய அடைப்பை எடுத்துப் புது நிறத்தில் வைத்தேன், 21-இன் பின்பக்க ஓட்டையையும் மூடினேன்.

முடிவில் நின்ற இடம்

முன்பற்கள் ஏ2, கோரைப் பல் ஏ3, 21 ஏ2. பட்டை போகவில்லை. சாம்பல் இளம் மஞ்சளாக மாறி, ஒரு கை தூரத்தில் நின்று பார்த்தால் தெரியாத அளவுக்கு வந்தது. நாற்காலி விளக்கைப் போட்டால் இன்னும் தெரியும். நான் சொன்ன வாக்குத் தவறிவிட்டது என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன். "கல்யாண மண்டபத்துல இந்த லைட்டா போடப்போறாங்க?" என்றார்.

பிப்ரவரி முதல் வாரம் கல்யாணம். மார்ச்சில் பாட்டியை அழைத்துக்கொண்டு வந்தபோது போனில் படம் காட்டினார். தாலி கட்டும் படத்தில் கை வாய்க்குப் போயிருக்கிறது, பழக்கம். பந்திப் படத்தில் பரிமாறும் வாளி இரண்டு கையிலும் இருந்ததால் பல் தெரிகிறது.

ஆறு மாத எக்ஸ்ரேயில் 21-இன் வேர் நுனி நிழல் சுருங்கியிருந்தது. கழுத்துப் பகுதியில் கரைவு எதுவும் இல்லை, வருடம் ஒரு முறை பார்க்க வேண்டும். 2024 அக்டோபரில் முன்பற்கள் ஏ2-க்கும் ஏ3-க்கும் நடுவில். 21 மற்றதைவிட ஓர் இழை இறங்கியிருந்தது, அதற்கு இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். ட்ரேயை மைலோ டின்னில் பத்திரமாக வைத்திருக்கிறார், இன்னும் பொருந்துகிறது. தீபாவளிக்கு முன் நாலு இரவுக்கென்று ஒரு ஜெல் மட்டும் வாங்கிக்கொண்டு, பாட்டியை ஈப்போவுக்குக் கூட்டிப்போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.